குறைந்த வருமானமும் லாட்ஜ் சோபாவும்

"குறைந்த வருமானம்னு மனு போட்டது இந்த வீடுதானே?"

வி.ஏ.ஓ. வாசல்ல நின்னு இப்படிக் கேட்டப்போ, அக்காவைப் பொண்ணு பாக்க கீழ்பென்னாத்தூர்ல இருந்து வந்தவங்க எங்க சோபாவுல உக்காந்து கேசரி சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

எங்க சோபான்னு சொன்னது பொய். எங்கப்பா ரூம் பெருக்குற லாட்ஜ்ல கெஞ்சி, நானே லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வந்தது. வாசல்ல நின்ன புல்லட் பக்கத்து வீட்டு அண்ணனுது. அதைப் பளபளன்னு துடைச்சு வெச்சதும் நான்தான்.

நான் பாலிடெக்னிக்ல சேர வருமானச் சான்று வேணும். திங்கக்கிழமை கடைசி நாள். சான்று இல்லன்னா ஃபீஸ் சலுகை இல்ல. சலுகை இல்லன்னா படிப்பும் இல்ல. விசாரணைக்கு எப்ப வேணா வருவாங்கன்னு இ-சேவை மையத்துல சொல்லித்தான் அனுப்பினாங்க. பொண்ணு பாக்க வெள்ளிக்கிழமை நல்ல நாள்னு அம்மா சொன்னாங்க. அது ஆபீசுக்கும் வேலை நாள்னு என் மண்டைக்கு உறைக்கல.

எங்க தெருவுல யாரும் தன்னை ஏழைன்னு சொல்லிக்க மாட்டாங்க. மளிகைக் கடையில "கொஞ்சம் டைட்டு". சொந்தக்காரங்ககிட்ட "ஏதோ ஓடுது". சம்பந்தம் பேச வந்தவங்ககிட்ட "ஒரு குறையும் இல்லீங்க". "குறைந்த வருமானம்" மனுவுல மட்டும்தான் வரும்.

அப்பா அப்போதான் மாப்பிள்ளையோட மாமாகிட்ட ஒரு குறையும் இல்லீங்கன்னு சொல்லி முடிச்சிருந்தார்.

வி.ஏ.ஓ. சோபாவைப் பாத்தார். புல்லட்டைப் பாத்தார். கையில இருந்த பேப்பரை மடிச்சார்.

எனக்குப் பொறுமை எப்பவுமே கம்மி.

"சார், சோபா லாட்ஜுது. புல்லட்டு பக்கத்து வீட்டுது. கேசரி மட்டும்தான் எங்களுது."

அம்மா கிள்ளின இடம் இன்னும் வலிக்குது. மாமா தட்டைக் கீழ வெச்சிட்டார். மாப்பிள்ளை மட்டும் குனிஞ்சு சிரிச்சார். அப்பா தரையைப் பாத்துக்கிட்டே, லாட்ஜ்ல என்ன வேலை, என்ன சம்பளம்னு உள்ளதைச் சொன்னார். வி.ஏ.ஓ. எழுதிக்கிட்டு, கையெழுத்து சாயந்திரம் பாக்கலாம்னு கிளம்பிட்டார். வந்தவங்களும் போன் பண்றோம்னு எழுந்துட்டாங்க.

அம்மா என்னைப் பிடிச்சுத் தள்ளினாங்க. "அவங்க வேன் முனையிலதான் நிக்குது, ஓடு. தெரியாம உளறிட்டேன், நாங்க வசதிதான்னு சொல்லிட்டு வாடா."

"விடும்மா, தெரிஞ்சே வரட்டும்"னு உள்ள இருந்து அக்கா.

முனை வரைக்கும் போனேன். வேனுக்குப் பக்கத்து டீக்கடையில வி.ஏ.ஓ. டீ குடிச்சிட்டு நின்னார்.

அப்படியே திரும்பிட்டேன். அவர் கையெழுத்து போடுற வரைக்கும் நாங்க ஏழைதான்.