டாஸ்க் அண்ணாச்சி பெண் பார்க்கப் போன தேதி

உலகத்திலேயே மிக ஒழுங்கான மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் பிரஸ்ஸின் டாஸ்க் அண்ணாச்சியைத்தான் சொல்வேன். அவரைப்போல ஒழுங்காகத் திட்டம் போட்டவரும் கிடையாது. போட்ட திட்டத்தை அவரைப்போல ஒழுங்காகக் கோட்டை விட்டவரும் கிடையாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய போன். செய்ய வேண்டிய வேலைகளைப் போட்டுவைத்தால் நேரத்துக்கு நினைவூட்டும் ஆப்கள் எத்தனை உண்டோ, அத்தனையும் அதில் குடியிருந்தன. ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். மணிச் சத்தத்துக்குப் பதிலாகக் குயில் கூவும்படி வைத்திருந்தார். மெஷின் ஓடுகிற இரைச்சலையும் மீறி அந்தக் குயில் கூவும். உடனே கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "டாஸ்க் வந்துருச்சுலே" என்று அறிவிப்பார். எட்டிப் பார்த்தால் 'தண்ணீர் குடிக்கவும்' என்று இருக்கும்.

டீ குடிப்பதுகூட அவருக்கு ஒரே வேலை அல்ல. எழுந்திருத்தல், கடைக்குப் போதல், டீ சொல்லுதல், குடித்தல் என்று நாலாகப் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் முடித்து டிக் அடிக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த வேலைகளையும் புதிதாக எழுதி, டிக் அடித்து மகிழ்வார். அவசரமான வேலைக்குச் சிவப்பு, நிதானமான வேலைக்குப் பச்சை. முதலாளி கூப்பிட்டால் பச்சை; ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்குவது சிவப்பு. ஆனால் எந்த நிறமாக இருந்தாலும் ராகு காலத்தில் தொட மாட்டார். ஆப் பாவம், 'தாமதம்' என்று கத்திக்கொண்டே இருக்கும்.

மெஷின்மேன் மாரியப்பனின் போனிலும் ஆப்பைப் போட்டுவிட்டு, அதன் வழியாகவே அவனுக்கு வேலை அனுப்பினார். பேப்பர் லோடு இறக்க வேண்டும் என்று இவர் டைப் அடிப்பார். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

"அண்ணாச்சி, நான் இங்கனதான நிக்கேன். வாயால சொல்லுங்களேன்" என்றான் ஒருநாள்.

"வாயால சொன்னா அத எங்கனலே டிக் அடிக்கது?" என்று கேட்டார் அண்ணாச்சி. மாரியப்பன் லோடு இறக்கப் போய்விட்டான்.

இத்தனைக்கும் தொழிலில் அவர் கெட்டிக்காரர். புரூப் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. நான் அவருக்கு உதவி. தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் தேதி, கிழமை, நல்ல நேரம், பண்டிகை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அண்ணாச்சி பார்த்த தாளில் தப்பு இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊருக்கெல்லாம் தேதி சரிபார்த்துக் கொடுப்பவருக்குத் தன் சொந்தத் தேதிகளுக்கு எதற்கு ஒரு போன் என்று ஒருமுறை கேட்டேன்.

"மூளைங்கது யோசிக்கதுக்குலே. ஞாபகம் வச்சுக்கிட போன் இருக்கு. குயில் கூவலன்னா நமக்கு வேலையில்லன்னு அர்த்தம். நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

இந்தக் குயில்தான் அவர் கல்யாணத்துக்கு எமனாக இருந்தது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், பெண் அமையவில்லை. கடைசியாகப் பார்க்கப் போன பெண் வீட்டில் எல்லாம் கூடி வந்த நேரத்தில் குயில் கூவிவிட்டது. போனில் 'கிளம்பவும்' என்று இருந்தது. அண்ணாச்சி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். விருதுநகரிலிருந்து மெனக்கெட்டு வந்திருந்த அவருடைய அக்கா, அன்றைக்கே அழுதுகொண்டே சொல்லிவிட்டார், இன்னும் ஒரே ஒரு இடம்தான் பார்ப்பேன், அதோடு என்னை விட்டுவிடு என்று.

அந்த ஒரே ஒரு இடம் ஆலங்குளத்தில் அமைந்தது. பெண் பெயர் பாண்டிச்செல்வி. தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் வேலை. அப்பா சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா அனுப்பிய போட்டோவை அண்ணாச்சி என்னிடம் காட்டினார். பிறகு மாரியப்பனிடம் காட்டினார். பிறகு டீக்கடையில் காட்டினார். மறுநாள் பார்த்தால் போனைத் திறந்ததுமே ஆப்களுக்குப் பின்னால் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மனிதர் விழுந்துவிட்டார் என்று புரிந்தது. இந்த இடமாவது கைகூட வேண்டுமே என்று எனக்கே கவலை வந்துவிட்டது.

ஆவணியில், ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, காலை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சீசன் நேரம் என்பதால் பிரஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. எனவே அண்ணாச்சி முறையாக லீவு எழுதிக் கொடுத்தார். முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அவர் ஒரு புது ஆப்பைக் கண்டுபிடித்து, எல்லா வேலைகளையும் அதற்கு மாற்றினார். அன்றிலிருந்து குயில் கூவவே இல்லை. அண்ணாச்சியின் முகத்தில் ஞானிகளுக்கு வரும் அமைதி வந்தது. வேலையெல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு காலாட்டியபடி உட்கார்ந்திருந்தார். இதற்கிடையே அவர் வீட்டில் கேஸ் தீர்ந்தது. தலைமுடி காதை மறைத்தது. தாடியும் சேர்ந்து வளர்ந்தது. முடி வெட்டவில்லையா என்று கேட்டேன். அதற்கு டாஸ்க் போட்டிருப்பதாகவும் குயில் இன்னும் கூவவில்லை என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் பிரஸ்ஸுக்குப் போனேன். அண்ணாச்சிதான் லீவாயிற்றே என்று அவர் மேஜைப் பக்கம் பார்க்காமலே புரூப் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு என் போன் அடித்தது. அண்ணாச்சியின் அக்கா.

"தம்பி, ஒங்க அண்ணாச்சி அங்கனயா இருக்கான்? போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கான். இங்கன கேசரி ஆறிருச்சு, பஜ்ஜி ஆறிருச்சு. பொண்ணோட அப்பா மட்டும் ஆறாம உக்காந்திருக்காக."

நான் ஓடினேன். அண்ணாச்சி தம் மேஜையில், மைக்கறை படிந்த சட்டையும் தாடியுமாக, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் அழைப்புகள் தொந்தரவு செய்யாதபடி ஆப் போனின் வாயைக் கட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

"அது நாளைக்குல்லப்பா. இருபத்தெட்டு, திங்கக்கெளம" என்றார்.

"அண்ணாச்சி, இன்னைக்குத்தான் இருபத்தெட்டு."

அவர் எழுந்துபோய்ச் சுவரைக் காட்டினார். நான்கு சுவரிலும் காலண்டர் தாள்கள். இருபத்தெட்டு, திங்கள் என்று அழகாக அச்சாகியிருந்தது, அவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலண்டர் பிரஸ்ஸில் நடப்பு வருஷத்துக்கு மரியாதையே கிடையாது. ஆடிப்பெருக்கு வந்தால் சுவரில் இருப்பது, மேஜையில் இருப்பது, மெஷினில் ஓடுவது எல்லாமே அடுத்த வருஷம்தான். இந்த வருஷத்துக் காலண்டர் ஒன்று வேண்டுமென்றால் எதிரே உள்ள டீக்கடைக்குத்தான் போக வேண்டும்.

அண்ணாச்சி செய்தது இதுதான். புது ஆப்பில் தேதி போடும்போது, இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு என்று போன் காட்டியிருக்கிறது. சுவர் திங்கள் என்கிறது. தான் சரிபார்த்த சுவர் தப்பாகுமா? போனில்தான் தப்பு என்று முடிவு செய்து, இருபத்தெட்டு எந்த வருஷத்தில் திங்களாக வருகிறதோ அதுவரை தள்ளிக்கொண்டே போய் அங்கே பதிந்திருக்கிறார். பெண் பார்ப்பது, முடி வெட்டுவது, கேஸ் சொல்வது எல்லாம் அடுத்த வருஷத்தில் ஒழுங்காக வரிசையில் நின்றன.

"செவத்துல இருக்கது அடுத்த வருசம், அண்ணாச்சி" என்றேன் மெதுவாக.

அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். போனைத் திறந்து, அந்தப் போட்டோவைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

என் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியில் சலூனைக் கண்டதும் இறங்கப் பார்த்தார், விடவில்லை. ஆலங்குளம் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்திருந்தன. உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். அக்கா ஒரு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் நின்றே பழகியவர் அவர்.

"மாப்பிள்ள காலண்டர் கம்பெனின்னு சொன்னாக. தேதி தெரியாதவருன்னு யாரும் சொல்லல" என்றார்.

"தேதி தெரியும்யா. வருசந்தான் தப்பிப்போச்சு" என்றார் அண்ணாச்சி.

இதற்கு மேல் அங்கே நிற்பதில் அர்த்தமில்லை என்று நான் பைக் சாவியை எடுத்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து பெண் வந்தது. பட்டுப்புடவையை மாற்றிவிட்டுச் சாதாரணச் சேலையில் இருந்தது. நேராக அண்ணாச்சியிடம் வந்து, "அந்தப் போனக் குடுங்க" என்றது.

அண்ணாச்சி நீட்டினார். திறந்ததும் தன் படத்தையே பார்த்துவிட்டு ஒரு நொடி தயங்கியது. பிறகு அந்த டாஸ்க்கைத் தேடி எடுத்து வாய்விட்டுப் படித்தது. வெள்ளைச் சட்டை தேய்க்கணும். குயிலை அமர்த்தி வைக்கணும். தரையப் பாக்காம முகம் பாத்துப் பேசணும். கேசரி எப்படி இருந்தாலும் நல்லாருக்குன்னு சொல்லணும். புடிச்சிருக்கான்னு மொதல்ல பொண்ணுகிட்ட கேக்கணும்.

கடைசி வரியைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பா, இவுக மறந்து வராம இருக்கல. அடுத்த வருசம் வரைக்கும் என்னைய நெனப்பு வச்சு எழுதியிருக்காக" என்றது. பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "கேளுங்க" என்றது.

அண்ணாச்சி கேட்டார். தரையைப் பார்க்கவில்லை. "புடிச்சிருக்கு. மொதல்ல முடி வெட்டுங்க" என்று பதில் வந்தது. பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போய் அவரே கேசரித் தட்டை எடுத்து வந்தார். வாயில் வைக்கும் முன்பே அண்ணாச்சி நல்லாருக்கு என்று சொல்லிவிட்டார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் ஒன்று சொன்னது: "மத்ததையெல்லாம் சரி பண்ணுங்க. இத மட்டும் அழிக்காதீக."

தையில் கல்யாணம். எனக்குத் துளிக்கூடப் பயமில்லை. ஜனவரி வந்துவிட்டால் சுவரும் போனும் ஒரே வருஷத்துக்கு வந்துவிடும், அண்ணாச்சியும் எங்களோடு வந்துவிடுவார்.

அடுத்த ஆவணி. திங்கட்கிழமை காலை, பிரஸ்ஸில் குயில் கூவியது. அண்ணாச்சி எழுந்து நின்றார். அப்போதுதான் கவனித்தேன், முடி வெட்டி, சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். 'இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டியிருப்பதால்' என்று போன வருஷம் எழுதிய அதே லீவு கடிதம். முதலாளி முழுசாகப் படித்தது இந்த முறைதான். "கையெழுத்து நம்மதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த முறையும் என் பைக்கில்தான் போனோம். ஆலங்குளத்தில் மாமனார் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார். பத்தரை. "வாங்க மாப்பிள்ள, சரியான நேரத்துக்கு வந்துட்டீக" என்று கை பிடித்து அழைத்துப் போனார். அக்கா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். முதல் நாளே அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பாண்டிச்செல்வி, பட்டுப்புடவையில், தட்டில் காபியோடு வந்தது. கேசரியில் ஆவி பறந்தது. அண்ணாச்சி தரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்ததில் காபி ஆறிவிட்டது.

"டிக் அடிக்கலியா அண்ணாச்சி?" என்று காதில் கேட்டேன். அவர் போனை எடுத்தார். ஆனால் டிக் அடிக்கவில்லை. 'ஒவ்வொரு வருஷமும்' என்று மாற்றினார். பிறகு என் போனை வாங்கி, அந்த ஒரு டாஸ்க்கை அதிலும் போட்டுவிட்டார்.

நான் இப்போது மதுரையில் இருக்கிறேன். ஆப்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. செய்ய வேண்டியதையெல்லாம் மறந்துவிட்டுத் திட்டு வாங்குகிற சாதாரண மனிதன்தான் நான். என் போனில் இருப்பது ஒரே டாஸ்க். ஆவணியில் இருபத்தேழாம் தேதி சாயங்காலம் குயில் கூவும், மறுநாள் பத்தரைக்கு ஆலங்குளத்தில் இருக்க வேண்டுமே என்று நான் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வருவேன்.