சாரல் கோப்பைக்கு வந்திருந்த ஒருவர்

தென்காசி வட்டார இரண்டாம் பிரிவுக் கால்பந்தாட்டத்தில் நெடுங்காலமாக ஒரு குறை இருந்துவந்தது. ஆட்டத்தைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பத்து ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்குவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கோல்கீப்பரின் குடும்பத்தை ஒருவர் விடாமல் விசாரித்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேருவார்கள். இதில் அரசாங்கம் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வருகை மேம்பாட்டுப் பிரிவு என்ற ஒன்றைத் திறந்தார்கள். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, வைத்தீஸ்வரன் என்று ஓர் அலுவலர். அவர் நாற்காலியில் அமர்ந்த மூன்றாம் நாள், சாரல் கோப்பையின் செயலாளர் ஆதமுக்குக் கடிதம் வந்தது. மேற்படி கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட கட்டணத்தில், முந்நூறு நுழைவுச்சீட்டுகளுக்குக் குறையாமல் விற்கப்படாத பட்சத்தில், மேற்படி மைதானம் அடுத்த ஆண்டு முதல் சீசன் பொருட்காட்சிக்கு ஒப்படைக்கப்படும் என்பது அதில் அன்புடன் தெரிவிக்கப்பட்டிருந்தது.

ஆதம் பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் மீன் கிடங்கின் குளிரில் நின்று வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் எல்லாரும் கார் வாங்கினார்கள். இவர் இரண்டு கோல் கம்பங்கள் வாங்கினார். அந்த மைதானம் போய்விட்டால் காலையில் எழுந்திருப்பதற்கே ஒரு காரணம் வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. ஆனாலும் கடிதத்தைப் பார்த்து அவர் பயப்படவில்லை. தெம்பாகவே அலுவலகத்துக்குப் போனார்.

"முந்நூறு என்ன சார், போன வருசமே முந்நூத்தி நாப்பது சீட்டு வித்திருக்கு."

"என்ன விலையில?"

"பத்து ரூவா."

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாய், தென்காசியில டீ என்ன விலை?"

"பதினஞ்சு."

"அப்ப உங்க இறுதி ஆட்டம் ஒரு டீயைவிட மட்டம். அப்படித்தானே?"

"டீயக் குடிக்கோம் சார். இது பாக்கது."

"பத்து ரூபா குடுத்து வர்றவர் பார்வையாளர் இல்லை. வேடிக்கை பார்க்கிறவர். பயிற்சியில தெளிவாச் சொல்லியிருக்காங்க."

பயிற்சி என்பது ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில், மூன்று நாள், மூன்று வேளைச் சாப்பாட்டுடன் நடந்தது. விமானத்துக்கு விலை ஏறி இறங்குவதைப் போல ஆட்டத்துக்கும் ஏறி இறங்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தென்காசியில் விமானம் இல்லை. ஆகவே வைத்தீஸ்வரன் அதைக் குற்றாலத்துக்குத் தக்கபடி மாற்றி வைத்திருந்தார். அடிப்படை விலை நூறு. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிற ஒவ்வொரு கிளைக்கும் ஐம்பது கூடும். வெள்ளம் வந்து மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டால் மேற்கொண்டு நூறு.

"தடை போட்டா ஏன் சார் கூடணும்?"

"குளிக்க முடியாதவங்க எங்க போவாங்க? ஆட்டத்துக்கு வருவாங்க. தேவை கூடினா விலை கூடும்."

"நானூறு, ஐந்நூறுன்னா எவன் சார் வருவான்?"

"வர மாட்டாங்க," என்று வைத்தீஸ்வரன் ஒத்துக்கொண்டார். "அதனால கூட்டத்துக்குத் தனி ஏற்பாடு. கௌரவ அழைப்பாளர் பாஸ். ரெண்டாயிரம் அடிச்சிருங்க."

"இலவசமாவா?"

"விலையுள்ள பொருளைத்தான் பாய் இலவசமாத் தர முடியும். பத்து ரூபா சீட்டை சும்மா குடுத்தா எவன் மதிப்பான்?"

ஆதம் யோசித்துப் பார்த்தார். அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பாஸ் வந்து இறங்கியது. சிவப்பு நாடா, பளபளவென்று பிளாஸ்டிக் உறை, நடுவில் பொன்னெழுத்து. அதன் பிறகு ஆதமால் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. கால்பந்து வட்டமா சதுரமா என்று தெரியாதவர்கள்கூட வழிமறித்து நலம் விசாரித்தார்கள். வீட்டில் அவர் மனைவி நூர்நிஷா பதினொன்று கேட்டாள். அதில் ஒன்று ஷார்ஜாவில் இருக்கும் அவள் தம்பிக்கு.

"அவன் எப்படிட்டி வருவான்?"

"வரவா சொன்னேன்? வாட்ஸப்புல போட்டோ போட்டாப் போதும்."

நாலே நாளில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாஸ் உள்ளவர்கள் ஒரு பக்கம். நாளைக்குள் வாங்கிவிடுவோம் என்று இருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. வாரம் முழுக்க மலையில் மழை. ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தது, மெயின் அருவியில் தடையும் விழுந்தது. சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஆதம் தன் கையாலேயே நானூற்றைம்பது என்று எழுதி வைத்தார். தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக வெளியூர்க்காரர்கள் வந்து விலையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பரோட்டா தின்னப் போனார்கள்.

மூன்றேமுக்காலுக்குக் கடையம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீரபாகு வந்தார். வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர். பதினோரு வருஷமாக ஓர் இறுதி ஆட்டமும் விட்டதில்லை. பத்து ரூபாய்த் தாளைக் கையிலேயே மடித்து வைத்திருந்தார்.

"என்ன பாய், போர்டுல தப்பா எழுதிட்டீங்க?"

"தப்பு இல்ல. வெலை அதான்."

வீரபாகு சுற்றிலும் பார்த்தார். "எல்லாரும் கழுத்துல என்னமோ போட்டிருக்காவளே?"

"பாஸு. உமக்கு இங்கன யாரையாவது தெரியுமா?"

"உங்களத்தான் தெரியும்."

ஆதமின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அதில் ஒரு பாஸ் மிச்சம் இருந்தது. ஆனால் அந்த நேரம் வரை விற்ற சீட்டு ஒன்றுமில்லை. ஒன்றாவது விற்கட்டுமே என்று கை வெறுமனே வெளியே வந்துவிட்டது. வீரபாகு வேட்டி மடிப்பை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். ஆதமுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வாசலில் நின்றவன் வீரபாகுவைத் தடுத்தான். "பாஸு எங்க?"

"டிக்கெட்டு இருக்கு."

"டிக்கெட்டா? அதெல்லாம் உள்ள விடச் சொல்லலியே!"

ஆதம் ஓடிப்போய் விளக்க வேண்டியிருந்தது. விதிப்படி சீட்டு வாங்கியவர்களுக்கென்று கோல் கம்பத்துக்குப் பின்னால் கயிறு கட்டி முந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். அழைப்பாளர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பதும் விதி. ஆகவே சாமியானாப் பந்தலில் இரண்டாயிரம் பேர் நாற்காலிக்கு மூன்று பேராக நெரிந்துகொண்டிருக்க, வீரபாகு முந்நூறு நாற்காலிக்கு நடுவில் ஒற்றை ஆளாக அமர்ந்தார். "பாவம், வேண்டப்பட்டவங்க யாரும் இல்ல போலிருக்கு" என்று பந்தலில் ஒரு பெண்மணி உச்சுக்கொட்டினாள்.

ஆட்டம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் கௌரவ அழைப்பாளர்களின் பெயரை வாசித்துப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லாருமே கௌரவம் என்பதால் பட்டியல் கொஞ்சம் நீளம். நூற்றுப்பன்னிரண்டாவது பொன்னாடையின்போது கடையம் அணி கோல் போட்டது. பந்தலில் யாரும் பார்க்கவில்லை, தங்கள் பெயர் தாண்டிப் போய்விடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வீரபாகு மட்டும் எழுந்து நின்று கத்தினார். கோல் போட்டவன் கட்டிப்பிடிக்க வேறு ஆள் இல்லாமல் நேரே அவரிடம் ஓடினான்.

இடைவேளையில் வைத்தீஸ்வரன் படிவத்தை எடுத்தார். "வருகை, ஒருவர்."

"சார், அந்தப் பந்தலப் பாருங்க. ரெண்டாயிரம் பேரு!"

"அவங்க வந்தவங்க இல்லை பாய். சிறப்பித்தவங்க. அதுக்குத் தனிப் படிவம். சீட்டு வாங்கினவர்தான் வந்தவர்."

"அப்ப மைதானம்?"

"ஆட்டம் முடியற வரைக்கும் விற்பனை திறந்துதானே இருக்கு. அருவி கொஞ்சம் தணிஞ்சிருக்காம். நானூறு ஆக்கிக்கலாம்."

ஆதம் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "அண்ணாச்சிமாரே, தாய்மாரே! உங்கள்ல முந்நூறு பேரு ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தீங்கன்னா இந்த மைதானம் நமக்குத் தங்கும். இல்லேன்னா போயிரும்."

முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடை ஆவுடைநாயகம் நல்ல மனுஷர், மெதுவாக எழுந்து வந்து காதோடு சொன்னார்.

"பாய், நன்கொடை வேணும்னா பத்தாயிரம் எழுதிக்கோங்க. இப்பமே தாரேன். டிக்கெட்டு மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. கடைப் பையலுவ பாத்தா என்ன நினைப்பானுவ?"

"நன்கொடை கணக்குல சேராது அண்ணாச்சி. சீட்டுத்தான் வேணும்."

"பாஸ் வச்சிருக்கவன் டிக்கெட் எடுத்தா, பாஸ் தந்தவருக்கே அவமரியாதையில்லா? நீங்கதானே தந்தீங்க? உங்களுக்காகத்தான் யோசிக்கேன்."

பின்னால் நின்றவர்கள் அனைவரும் அதை ஆமோதித்தார்கள். ஆதமுக்கு அவமரியாதை செய்ய அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"போகட்டும்," என்றார் வைத்தீஸ்வரன், பேனாவைத் திறந்தபடி. "உங்க சீட்டு எண் என்ன பாய்? உங்களையாவது சேர்த்து இரண்டுன்னு போட்டுக்கறேன்."

ஆதமின் கை கழுத்துக்குப் போயிற்று. சிவப்பு நாடா, பளபள உறை, பாஸ் எண் ஒன்று. பதினோரு வருஷத்தில் பத்து ரூபாய்க்குக்கூட அவர் ஒரு சீட்டு வாங்கியதில்லை. செயலாளர் எப்படி வாங்குவார்?

ஆட்டம் முடிந்ததும் வைத்தீஸ்வரன் ஒன்று என்பதையே உறுதிசெய்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சீசனில் அந்த மைதானத்தில் பொருட்காட்சி வந்தது. கோல் கம்பம் நின்ற இடத்தில் ராட்டினத்துக்குக் குழி தோண்டினார்கள். ஆதம் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இருந்தார். நூர்நிஷா நச்சரித்து ஒரு சாயங்காலம் இழுத்துக்கொண்டு போனாள். நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய். வரிசையில் நாலே பேர். நாலாவது ஆள் வீரபாகு, இரண்டு பெண்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

இந்தத் தடவை சீட்டு வாங்குவது என்று ஆதம் பல்லைக் கடித்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்றார். நூர்நிஷா தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் பொருட்காட்சிக் குத்தகைக்காரர் பார்த்துவிட்டார்.

"ஆதம் பாய்! நீங்க போயி வரிசையில நிக்கலாமா?" என்று பதறி வந்து கழுத்தில் ஒரு நாடாவை மாட்டினார். நீல நாடா. பழையதைவிட உறை கனமாக இருந்தது. ஆதமுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்தது.

வீரபாகு திரும்பிப் பார்த்தார். ஆதமுக்குப் போன வருஷம் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பிய கை ஞாபகம் வந்தது. குத்தகைக்காரரை ஓரமாகக் கூட்டிப்போய், "நமக்கு வேண்டிய ஆளு ஒருத்தர் நிக்காரு, பிள்ளையளோட" என்று சொல்லி இன்னும் மூன்று வாங்கி வந்தார். ஒன்றைத் தானே வீரபாகுவின் கழுத்தில் போட்டுவிட்டார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போல் இருந்தது.

வீரபாகு பாஸைத் தூக்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு வரிசையில் மிச்சம் நின்ற மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பாய்," என்றார், குரலைத் தாழ்த்தி. "பந்தாட்டம் இனிமே எங்கன நடந்தாலும் எனக்கும் ஒரு பாஸு சொல்லி வையுங்க."

ஆதம் சொல்லி வைப்பதாகச் சொன்னார்.