பன்னிரண்டாம் தாங்கியின் துரை

இராஜநாயகம் தம் கைத்தடியால் பன்னிரண்டாம் இலக்க எண்ணெய்த் தாங்கியை மூன்று முறை தட்டினார். உள்ளிருந்து யாரோ ஒரு முறை திருப்பித் தட்டினார்கள்.

அவர் தடியைப் பார்த்தார். பிறகு தாங்கியைப் பார்த்தார். காலை ஒன்பது மணி. சீனன்குடா வெயில் இரும்பின்மேல் தகதகத்தது. பேய் உலாவுவதற்கு உரிய நேரமே அல்ல.

உலக யுத்தத்துக்கு முன் வெள்ளைக்காரக் கடற்படை காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன வெற்றுத் தாங்கிகளுக்கு அவர் காவல்காரர். நாள்தோறும் ஒவ்வொன்றையும் தடியால் தட்டி, ஓசையைக் கேட்டு, பதிவேட்டில் ‘வெறுமை’ என்று எழுதுவது அவர் உத்தியோகம். பதினோரு ஆண்டுகளில் வேறொரு சொல்லை அவர் எழுதியதில்லை. ஆனால் பன்னிரண்டாவது மட்டும் வெறுமையன்று. மகள் இன்பமலரின் கல்யாணத்துக்காகத் தோப்பூர் வயலை விற்ற காசு, இருபத்துமூன்று நூறு ரூபாய்த் தாள்கள், ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அங்கே இருந்தது. ஓலை வீடு எரியும், இரும்புத் தாங்கி எரியாது என்பது அவருடைய நியாயம். ஆகவே வைத்த நாள்முதல் அதைத் தட்டாமலே ‘வெறுமை’ என்று எழுதி வந்தார்.

விறகு பொறுக்குகிறவர்கள் எட்டிப் பாராதிருக்க ஒரு கதையும் கட்டிவிட்டிருந்தார்: அந்தத் தாங்கிக்குள் ஒரு வெள்ளைக்காரத் துரை மூச்சடைத்து இறந்தார், மூன்று முறை தட்டினால் ஒரு முறை திருப்பித் தட்டுவார்.

அந்தத் துரை சம்பளமின்றிக் காவல் காத்தார். இப்போதோ ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் இனிச் செல்லா, செவ்வாய்க்கிழமைக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. வீட்டில் வானொலி இல்லாத இராஜநாயகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகே செய்தி எட்டியது. இன்று திங்கள். காசை எடுக்க வந்தவர், தம் கதைக்கு மரியாதையாக மூன்று முறை தட்டியிருந்தார்.

அவர் வீட்டுக்கு ஓடினார்.

“காசை எடுத்தாச்சோ?” என்றாள் மனைவி றீற்றா.

“உள்ளுக்கு ஆள் இருக்குது.”

“ஆர்?”

“நான் சொன்ன ஆள்.”

“நீங்கள் சொன்னது பொய்யெல்லோ?”

“ஓம். அதுதான் பயமாய்க் கிடக்கு.”

றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். “பிள்ளையின்ர கல்யாணம் நிக்கப் போகுது. ஆரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ!”

வழியில் கிண்ணியா விறகு வியாபாரி ஹிஸ்புல்லா வண்டியோடு வந்தார். இராஜநாயகம் அவரைத் தாங்கியடிக்கு இழுத்துச் சென்று தட்டிக் காட்டினார். பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

“இதுக்கேன் என்னைக் கூட்டி வந்தீங்க? நீங்கதானே அண்ணே சொன்னீங்க, துரை தட்டுவாரெண்டு?”

“அது நான் சும்மா விட்ட கதை, தம்பி!”

ஹிஸ்புல்லா ஓரடி பின்வாங்கினார். “அப்ப உங்கட கதையை அவரும் கேட்டிருக்கிறார்.”

“எதிரொலியாயும் இருக்கலாம். பார்.” இராஜநாயகம் வட்ட வாசலின் மூடியைச் சற்றே நீக்கி, மரியாதையாகக் கூவினார்: “குட் மோர்னிங், சேர்!”

உள்ளிருந்து அமைதியாக வந்தது: “குட் மோர்னிங்.”

“பாத்தியா, எதிரொலி!”

“அப்ப ‘சேர்’ எங்க, அண்ணே?”

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்குமுன் ஹிஸ்புல்லாவின் வண்டி சந்தியைத் தாண்டிவிட்டது. பதினொரு மணிக்குள் சந்தியில் நின்ற சனமெல்லாம் தாங்கியைச் சுற்றி நின்றது. இத்தனை கண்களுக்கு முன் காசை எப்படி எடுப்பது? இராஜநாயகம் கடைசி உபாயமாகக் கையை உயர்த்தினார்.

“ஒண்டுமில்லை! தாங்கி வெறுமை! எல்லாரும் வீட்டை போங்கோ!”

“வெறுமையெண்டால் உள்ளுக்குப் போய்க் காட்டும்!” என்றார் மீன்காரர் இராசையா. “நீர்தானே காவல்காரன்!”

சனம் மூடியை முற்றாகத் திறந்து, காவல்காரரை உள்ளே அனுப்பிவைத்தது.

வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கிணற்றடிக் குளிர். இராஜநாயகம் ஒரு பெருமூச்சு விட்டார். அவர் விட்டு முடித்த பின்னும் மூச்சுவிடும் ஓசை கேட்டது. எட்டத்தில், துருக் குவியலின் அடியில் அவர் புதைத்த தகரம், இப்போது வாசலோரம், தூசி துடைத்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

திறந்தார். நூறு ரூபாய்த் தாள்களைக் காணவில்லை. அவற்றுக்குப் பதிலாகப் பத்து ரூபாய்த் தாள்கள், கட்டுக் கட்டாக இருந்தன. எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. எல்லாவற்றையும் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, இருட்டை நோக்கி, “தாங்ஸ், சேர்” என்று முணுமுணுத்து வெளியே பாய்ந்தார்.

இராசையா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உள்ளுக்குப் போகேக்க ஒட்டின வயிறு. துரை விருந்து வைச்சவரோ?”

“வாயுத் தொல்லை” என்றவர் திரும்பிப் பாராமல் நடந்தார்.

வீட்டில் றீற்றா இரண்டு முறை எண்ணினாள். சரியாக இருநூற்று முப்பது தாள்கள். அவளுக்கு மகிழவும் முடியவில்லை. “பேய்க் காசு கையில நிக்காது. கல்யாணத்தண்டு சருகாய்ப் போனால் சம்பந்தியாற்ற முகத்தில முழிக்க ஏலுமோ? நாளைக்கே வங்கியில காட்டுங்கோ.”

மறுநாட் காலை திருகோணமலை நகரமே வங்கி வாசலில் வரிசையில் நின்றது. எல்லோரும் நூறுகளோடு நிற்க, இராஜநாயகம் மட்டும் பத்துகளோடு நின்றார். மூன்று மணி நேரத்துக்குப் பின் காசாளர் சரீப்பின் முன்னால் கட்டுகளை வைத்தார்.

“தம்பி, இது செல்லுமோ?”

சரீப் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பின்னர் கட்டைத் திருப்பி, அதைச் சுற்றியிருந்த தாள்நாடாவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“செல்லும் ஐயா, இந்தக் கட்டே நான் கட்டிக் குடுத்ததுதான், வானொலியில சொல்ல ரெண்டு கிழமைக்கு முந்தியே ஒரு வெள்ளைக்காரத் துரை நூறு ரூபாய்த் தாள் இருபத்துமூண்டோட வந்து, ‘என்ர காவல்காரன் கடைசி நேரத்தில உள்ளுக்கு வரப் பயப்படுவான், இப்பவே மாத்தித் தாங்க’ எண்டு கேட்டவர்.”