கட்டத்தில் விழாத மாப்பிள்ளை

கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் முதல் வேலையிலேயே, கேட்ட கேள்வியால் ஒரு மனிதரைக் குடியிருந்த அறையைவிட்டுக் கிளப்பப் பார்த்தேன். (நோக்கம் என்னவோ அவரை எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆக்குவதுதான்.)

அறுபதுகளில், குடும்ப ஆய்வு ஒன்றுக்காக ஜாலான் புசார் சாலையில், கீழே கடையும் மேலே குடித்தனமுமான கடைவீடுகளில் படியேறி இறங்கிக்கொண்டிருந்தேன். "அப்படியே அக்காவுக்கு ஒரு வரன் கண்ணுல படுதா பாருடா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஒரு மாடி அறையில் செல்வராஜ் கண்ணில் பட்டார். துறைமுகத்தில் கிளார்க், முப்பது வயது, நகம்கூடச் சுத்தம். அறையைப் பகிர்ந்துகொண்ட மத்தியாஸ் ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, மனைவியை இழந்தவரா?"

செல்வராஜ் தாளை எட்டிப் பார்த்தார். "வேற கட்டம் இல்லையா தம்பி?"

"மூணுதாண்ணே. ஏதாச்சும் ஒண்ணுல விழுந்துதான் ஆகணும்."

"அப்போ ஆகாதவர்னு போட்டுக்குங்க."

அதோடு எழுந்திருக்கலாம். தமிழனாயிற்றே. "ஏண்ணே ஆகலை?" என்றேன், மேடைக்குரலில்.

"மெல்லப் பேசுங்க தம்பி. கீழே வீட்டுக்காரர் இருக்காரு. எங்க ரெண்டு பேரையும் ஏற்கெனவே ஒரு மாதிரிதான் பாக்குறாரு. காலி பண்ணச் சொல்லிடுவாரு."

பிரம்மச்சாரிகளுக்கு வீட்டுக்காரர் தொல்லை என்றால் அதற்கு மருந்து கல்யாணம். என் மூளை அவ்வளவு வேகம்.

ஞாயிற்றுக்கிழமை, பழத்தட்டோடு அம்மாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். செல்வராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. மத்தியாஸ் தேநீர் ஆற்றினார். எங்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டவர், செல்வராஜிடம் கேட்கவில்லை. அம்மா அதைக் கவனித்தாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மேலேறி வந்தார். "பழத்தட்டு எல்லாம் வந்திருக்கு. என்ன விசேஷம்?"

செல்வராஜ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"விசேஷம் ஒண்ணுமில்லை" என்றாள் அம்மா. "நம்ம பிள்ளைங்க, பாத்துட்டுப் போக வந்தேன். தங்கமான பசங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

அவர் ஒரு வாழைப்பழத்தோடு இறங்கிப் போனார். தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்குகையில் அம்மா சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்குத் துணை இருக்குடா, மடையா."

அறை அவர்களுக்கே நிலைத்தது. தீபாவளிதோறும் மத்தியாஸ் செய்த கேக் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இன்று நான் எழுதும் கேள்வித்தாளில் 'சேர்ந்து வாழ்கிறவர்' உண்டு, 'வேறு' உண்டு, 'சொல்ல விருப்பமில்லை'யும் உண்டு. யார்மீது நாட்டம், ஆண்மீதா பெண்மீதா என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்பதே இல்லை. விடைகளுக்கு எண் போட்ட அட்டையை நீட்டுவோம், எண்ணை மட்டும் சொன்னால் போதும். பக்கத்து அறைக்கு ஒன்றும் விளங்காது.

இதை நான் பெருமையாக விளக்கும்போதெல்லாம் அக்கா ஒன்று கேட்பாள்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டே, சரி. அந்த மாப்பிள்ளை எனக்கு வேணுமான்னு என்னைக் கேட்டியாடா?"