அசையாத பொருள்

பழவேற்காடு ஏரிக்கரை,
புரட்டாசி 20.

அன்புள்ள மச்சான் சின்னதம்பிக்கு, உன் அக்கா புருஷன் ஜெகதீஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா செவ்வந்தி, உன் சம்சாரம் மஞ்சு, உன் மகள் காவியா எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுத ஆபீஸிலிருந்து இன்னும் அனுமதி வரவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. தண்ணியில் சிக்னல் கிடையாது என்கிறாள் மஞ்சு. அதனால் ஐஸ் வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். ஆரம்பாக்கம் பக்கம் உன்னைக் கண்டால் கையில் தருவார்.

நிற்க. விஷயம் ஒன்றே ஒன்றுதான். உன் படகைக் கொண்டுவந்து, மூன்று வருஷமாகக் கிடந்த அதே இடத்தில், அதே பள்ளத்தில், அதே சாய்வில் போட வேண்டும். வரும் திங்கட்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். ஏன் என்று கேட்பாய். மீனவர் சங்கத்தில் முப்பது வருஷம் தீர்மானம் எழுதி ரிட்டையர் ஆனவன் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வருஷா வருஷம் ஏரி நம்ம வீட்டுக்குள் வந்து போவது உனக்குத் தெரியும். ஐப்பசி பிறந்தால் உன் அக்கா அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றுவாள், கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றுவாள், என்னை எதன்மேல் ஏற்றுவது என்று யோசிப்பாள். ஒரே ஒரு மழைக்காலமாவது கால் நனையாமல் தரையில் உட்கார்ந்து சமைக்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். சரி என்று பழைய வீட்டை இடித்தேன். இடித்த பிறகுதான் சொன்னார்கள், வீட்டுக்குப் பிளான் மட்டும் போதாது, மனை எவ்வளவு உயரம், தரை எந்தப் பக்கம் சாய்கிறது, மழைத்தண்ணி எந்த வழியாக எங்கே போகிறது என்று தனியாக ஒரு மட்ட வரைபடம் கொடுத்து வடிகால் அனுமதி வாங்க வேண்டும் என்று. "தண்ணி எங்க போகும்?" என்று ஆபீஸில் கேட்டார்கள். "ஏரிக்கு" என்றேன். "ஏரி நிரம்பினா?" என்றார்கள். "இங்க வரும்" என்றேன். உண்மையைச் சொன்னதற்கு இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். வரைபடத்தில் அம்புக்குறி ஒரு பக்கமாகத்தான் போட வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். அதை ஏரிக்கு யார் காட்டுவது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அப்புறம் அளக்கிற இன்ஜினியர் வந்தார். மூன்று கால் கருவியை நட்டுவைத்துவிட்டு, "அசையாத பொருள் ஒண்ணு காட்டுங்க, அதுல ஒரு கோடு போட்டு அங்கேருந்துதான் எல்லா உயரமும் எடுக்கணும்" என்றார். கரண்டு கம்பத்தைக் காட்டினேன், அது புயலுக்குப் புயல் சாய்கிறது என்று சுற்றி நின்றவர்களே காட்டிக்கொடுத்தார்கள். தென்னை மரம் ஆடும் என்று அவரே சொல்லிவிட்டார். அம்மன் கோயில் படியில் பெயின்ட் வைக்கக் கூடாது என்று விளக்கேற்றுகிற ரங்கம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். அப்போதுதான் கூடியிருந்த சனம் மொத்தமும், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலேயே, ஒரே குரலில் "சின்னதம்பி படகு" என்றது. மச்சான், நான் சொல்லவில்லை. என் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். எஞ்சின் பார்ட் வருது வருதுன்னு நீ சொல்லிக்கொண்டிருந்த மூன்று வருஷத்தில் படகு பாதி மணலில் புதைந்து, அடும்புக்கொடி படர்ந்து, உள்ளே ஆடு இரண்டு தடவை குட்டி போட்டிருந்தது. நீயும் அதன் நிழலில்தான் படுத்திருந்தாய். இன்ஜினியர் வயக்காட்டுப் பக்கத்து ஆள், அது இனிமேல் தண்ணியில் இறங்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இங்கே இருக்கிற எங்களுக்கே தோன்றவில்லை. சிவப்புக் கோடு போட்டார். "மட்டங்கள் யாவும் கரையில் நிலையாக உள்ள பழைய படகின் சிவப்புக் கோட்டிலிருந்து" என்று வரைபடத்தில் எழுதினார். அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே என் வீட்டுத் தரை இருக்க வேண்டும் என்று சீல் விழுந்தது. திருப்பாலைவனத்திலிருந்து டிராக்டர் டிராக்டராக மண் கொண்டுவந்து கொட்டினேன்.

அடுத்த வாரமே உனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று வருஷமாக வராத பார்ட் மூன்றே நாளில் வந்தது. கொடியை அறுத்தாய், ஆட்டை விரட்டினாய், எஞ்சினை மாட்டினாய், பத்துப் பேரை வைத்துத் தள்ளி, என் வீட்டின் மட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஏரியில் போய்விட்டாய். தள்ளிய பத்துப் பேரில் நானும் ஒருத்தன். முதுகு இன்னும் வலிக்கிறது. தள்ளிவிட்டு, விசில் அடித்துவிட்டு, திரும்பி வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சும்மா இருந்திருக்கலாம். தருமன் படகை இரவல் வாங்கி உன் பள்ளத்தில் வைத்து, குத்துமதிப்பாக ஒரு கோடும் போட்டேன். கொட்டிய மண்ணின் உயரத்தைச் சரிபார்க்க ஆபீஸிலிருந்து சின்ன அதிகாரி வந்தார். அன்றைக்கென்று முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணி ஏறி உள்ளே வந்தது. தருமன் படகு உன்னுடையதைப் போல மணலில் வேர் விட்ட படகு இல்லையே, மெல்ல மிதந்தது. கோடு ஏற ஏற, அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வீடு நாலு அங்குலம் இறங்கிவிட்டது. "என்னய்யா, உங்க வீடு இறங்கிக்கிட்டே போகுது?" என்றார். "புது மண்ணு சார், அமுங்குது" என்றேன். அவர் நம்பவில்லை. நான் சொல்லும்போதே எனக்கும் நம்பிக்கை இல்லை. "மட்டம் ஐயத்துக்குரியது" என்று எழுதிக்கொண்டு போனார். திங்கட்கிழமை பழைய படகும் பழைய கோடும் இல்லாவிட்டால் அனுமதி ரத்து. மறுபடி முதல் மனுவிலிருந்து ஏழு மாதம். அனுமதி இல்லாமல் சுவர் எழுப்ப முடியாது.

எனக்கு அலுத்துவிட்டது மச்சான். இந்த வயதில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறோம். நேற்று லேசாகத் தூறல் போட்டது. உன் அக்கா எழுந்து போய் அடுப்புக்குக் கீழே செங்கல் அடுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே ஞாயிறு சாயங்காலத்துக்குள் வந்துவிடு. அந்தக் கோட்டைச் சுரண்டாதே, அதன்மேல் ஈர வலையைப் போடாதே, முடிந்தால் அந்த ஆட்டையும் வரவழைக்கிறேன். எல்லையம்மன் உன் வலையை நிறைக்கட்டும், என் வீட்டைத் தண்ணியால் நிறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா,
ஜெகதீஸ்வரன்.

பின்குறிப்பு: மடித்து ஒட்டுவதற்குள் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள், எழுதுகிறேன். "படகு கரைக்கு வந்தா எந்தம்பியும் கரைக்கு வந்துருவான். அப்பால எஞ்சின் பார்ட் வருதுன்னு இன்னொரு மூணு வருசம். மஞ்சு மூஞ்சில இப்பதான் சிரிப்பு கீது, காவியா புதுச் செருப்பு போட்னு பள்ளிக்கூடம் போவுது. ஊடு இன்னா ஊடு, ஏழு மாசம் ஆனா ஆவட்டும். நான் தூக்காத அடுப்பா?" எனவே மேலே எழுதியது எதையும் எடுத்துக்கொள்ளாதே, அங்கேயே தொழிலைப் பார். ஐப்பசி மழை பிடித்ததும் மட்டும் படகோடு வந்துவிடு. மட்டம் பார்க்க இல்லை, நாங்கள் ஏறிக்கொள்ள.