அலைக்கு முழுப் பெயர்

மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று அலைக்காரர் முடிவு கட்டிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து மச்சானின் மூட்டு வலி வரலாற்றைக் கேட்க யாரால் முடியும்?

கடலில் மிதக்கும் கருவிகள் அலையை அளந்து எண்களாக அனுப்பும். எந்த எண் எதைச் சொல்கிறது என்று விதிப்படி பெயர் எழுதுவது அவர் உத்தியோகம். பெயர் பிசகினால் கம்ப்யூட்டர் ஏற்காது. வேண்டுமென்றே 'அலை திசை' என்று மொட்டையாக எழுதி அனுப்பினார். உடனே திருப்பி அடித்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஃபைல் திரும்பி வந்துடுச்சு. சரிபண்ண மூணு நாளாகும். நீ மட்டும் போயிட்டு வா."

தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க தப்பு?"

"பேருல."

"அலைன்னு போட்டா போதாதா? எல்லாம் தண்ணிதானே?"

அவருக்குச் சுருக்கென்றது. "தண்ணிதானேயா! இங்க அடிக்கிற காத்து எழுப்பின அலைக்கு ஒரு பேரு. எங்கேயோ ஆயிரம் மைலுக்கு அப்பால புயல் அடிச்சு, ஓய்ஞ்சு, இருந்த இடமே தெரியாம போயிருக்கும். அது கிளப்பின அலை மட்டும் நாள் கணக்கா நடந்து வந்து நம்ம கருவியைத் தூக்கிவிடும். அதுக்கு வேற பேரு!"

மெஷின் நின்றது. "அம்மாடி! புயலே செத்துப்போச்சு, அலை மட்டும் வருதா?"

"வருதே!" அவருக்குப் புல்லரித்தது. இருபது வருடமாக எழுதுகிறார், இன்னும் புல்லரிக்கிறது. அத்தனை பெரிய கடல், ஒரு சின்னப் பெயருக்குள் அடங்கி உட்காருகிறதே என்று மலைத்துப்போனார்.

மனைவி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "நான் துணியில வெறுமனே நீளம்னு எழுதுவேனா? தோள்லேருந்துன்னு எழுதுவேன். அவ்வளவு தூரம் நடந்து வந்த அலையை இப்படி மொட்டையா விட்டுட்டீங்களே, பாவம். வர்ற திசையா, போற திசையா?"

"வர்ற திசை! எனக்குத் தெரியாதா?"

கை தானாக ஓடியது. 'தொலைதூர அலை வரும் திசை' என்று முழுப் பெயரையும் தட்டி அனுப்பினார். அந்த அலைக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்ட நிம்மதி. திரையில் பச்சையாக ஒரு வார்த்தை மின்னியது: ஏற்கப்பட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி போனைக் காதில் வைத்திருந்தாள். "அண்ணா, அவரோட மூணு நாள் வேலை இப்பவே முடிஞ்சுடுச்சு. அந்த மூணையும் சேர்த்து ஆறு நாளா தங்கறோம்."