அப்பாசாமி வீட்டு ஏழு மணிச் சங்கு

அப்பாசாமி ஒரு சபதம் எடுத்தார்.

சபதம் எடுப்பது அவருக்குப் புதிதில்லை. வெற்றிலையை விடுவதாக ஏழு முறை எடுத்திருக்கிறார். மனைவி சின்னாத்தாளோடு இனிப் பேச்சே கிடையாது என்று வாரத்துக்கு ஒரு முறை எடுப்பார். காப்பித் தம்ளர் கைக்கு வரும்வரை அது உறுதியாக நிற்கும். ஆனால் இந்த முறை எடுத்தது பெரிய சபதம். எழுபத்து மூன்று வயதில், மனைவி ஊரில் இல்லாத இருபத்தெட்டு நாளும் மலைமேல் தன்னந்தனியாக இருந்து காட்டுகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டார். சொல்லும்போது தொடையை வேறு தட்டினார். அந்தத் தொடையில் வாயுப்பிடிப்பு இருந்தது வீரத்தில் மறந்துபோயிற்று.

விஷயம் இதுதான். மகள் மேனகாவுக்குத் தை மாதக் கடைசியில் பிரசவம். மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்பதால், மகள் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய்தான் மகள் இருக்கும் ராசிபுரத்துக்கு இறங்கிப்போக வேண்டும். மலைமேல் தேவனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் அவர்கள் வீடு ஓர் ஓரமாக, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. அடுத்த வீடு விஜயாவுடையது. அதுவும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம்.

மகன் இளங்கோ நாமக்கல்லில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அப்பன்மேல் உயிர். அந்த உயிரே அவனைப் படுத்தியது. போன மழைக்காலத்தில் திண்ணனூர் பக்கம் தனியாக இருந்த ஒரு பெரியவர் குளிக்குமிடத்தில் வழுக்கி விழுந்து, இரண்டாம் நாள்தான் ஆள் பார்த்துத் தூக்கினார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. கார்த்திகையில் மேலே வந்தவன், அம்மா ராசிபுரத்தில் இருக்கும்போது அப்பா நாமக்கல்லில் இருக்கட்டும், பிறகு இரண்டு பேருமே அங்கேயே தங்கிவிடலாம், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான். மாட்டேன் என்றார் அப்பாசாமி. அவன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். கயிற்றின் நுனியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது.

"கழுத்துல மாட்டிக்கங்கப்பா. விழுந்துட்டா இதை அமுக்குனாப் போதும். எம் போனுக்குச் சேதி வந்துரும்."

அப்பாசாமி பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு டவர் வேணுமா?"

"வேணுமுங்கப்பா."

"நம்மூட்டுல டவர் எங்க கெடைக்குது?"

இளங்கோ வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டில் டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, வாசலுக்கு வெளியே பலாமரத்தின் தாழ்ந்த கிளை. செல்போனுக்குக் குடியிருப்பே அந்தக் கிளையில் தொங்கும் துணிப்பைதான். மணி அடித்தால் வீட்டுக்குள் இருப்பவர் ஓடிப்போய் எடுக்க வேண்டும்.

"அப்ப நான் பலாமரத்துக்கு அடியில போயி நின்னுதான் விழோணும். அப்படித்தான கண்ணு? மாட்டுக்குத்தான் கழுத்துல மணி கட்டுவாங்க. நான் மனுசன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னாத்தாள் தலைநிமிராமல் சொன்னாள். "அவரு வேண்டாங்கறாரு. உடு கண்ணு."

நாற்பத்தாறு வருஷத்தில் அவள் தன் பக்கம் பேசியது அதுதான் முதல் முறை என்று அப்பாசாமி பூரித்துப்போனார். பூரிப்பதற்குப் பதில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தப் பூரிப்பில்தான் சபதம் பிறந்தது. இளங்கோவும் விடவில்லை. இருபத்தெட்டு நாளும் ஒரு சங்கடமும் இல்லாமல் போனால் நாமக்கல் பேச்சையே எடுக்கமாட்டேன், ஏதாவது ஆனால் மறுபேச்சில்லாமல் இரண்டு பேரும் இறங்கி வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை சின்னாத்தாள் சோளக்காட்டுச் சந்தைக்குப் போய் ஓர் ஆட்டோடு வந்தாள். கன்னங்கரேலென்று ஒரு பெட்டை ஆடு. நிறம்தான் கறுப்பே தவிர, குணம் ஜமீன் வீட்டுக் குணம். மேய்ந்து தின்னாது. காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளையும் தவிடு கரைத்த தண்ணீரும் பலா இலையும் மூக்குக்கு நேராக வர வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதித்தால் ஒரு கத்துக் கத்தும் பாருங்கள், மலை இறங்கும் பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு மாதமாகச் சின்னாத்தாள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தீனி வைத்து அதை இன்னும் கெடுத்து வைத்தாள். அப்பாசாமி அதற்குச் சங்கு என்று பெயர் வைத்தார். மில் சங்குகூட ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஊதும், இது ஊதாது என்று புலம்புவார்.

ஒரு நாள் காலை ஏழு மணி தாண்டியும் சின்னாத்தாள் தவிட்டுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். ஆடு அலறிக்கொண்டிருந்தது. ஏன் நிற்கிறாய் என்று கேட்டதற்கு, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் விஜயா வீட்டு வாசலுக்கு வந்து கையை ஆட்டியதை அப்பாசாமியும் பார்த்தார். துணி காயப்போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னாத்தாள் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றினாள். துருப்பிடித்துவிட்டதாம், ராசிபுரத்தில் புதிது வாங்கி வருகிறாளாம். ஆட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு மஞ்சள் பையை மாட்டினாள். உள்ளே ஆட்டுக்குப் பூச்சிமருந்து இருக்கிறது, தொடாதீர்கள் என்றாள். மிளகு பறிக்க ஏணி ஏறக்கூடாது, அதை முருகானந்தம் பார்த்துக்கொள்வான் என்று சத்தியம் வாங்கினாள். முருகானந்தம் விஜயாவின் வீட்டுக்காரன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பாசாமிக்கு ஒரே ஒரு வருத்தம்தான்.

"ஏம்புள்ள, எல்லாஞ் செரி. ஒருத்தனாத் தனியா இருக்கறவன் தலையில ஆட்டையும் கட்டிட்டுப் போறயே, இது நாயமா?"

"உங்களை நம்பித்தானுங்க உட்டுட்டுப் போறன்" என்றாள் சின்னாத்தாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அப்பாசாமி பத்து ஆடு மேய்த்திருப்பார்.

முதல் வாரம் அவர் ராஜா. இரண்டாம் வாரம் ராஜாவுக்கு ரசம் வைக்கத் தெரியாதது தெரிந்தது. மேனகாவுக்கு ஆண்குழந்தை பிறந்த சேதி பலாமரத்தில் தொங்கிக்கொண்டே வந்தது. அன்றைக்கு ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தவர், தனக்கென்று ஒரு சிட்டிகைகூட எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதிக்காரர். வீட்டில் இருந்த மலைத்தேன் பாட்டிலைச் சின்னாத்தாள் எங்கோ ஒளித்துவிட்டுப் போயிருந்தாள். ஆட்டுக்கு மட்டும் வேளை தவறாமல் தீனி நடந்தது. ஒவ்வொரு வேளையும் தோள் துண்டை அந்த மஞ்சள் பையின்மேல் போட்டுவிட்டுத் தவிடு கரைப்பார். நடுவில் வெறுத்துப்போய், சங்கைக் கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள் என்று முருகானந்தத்தைக் கேட்டார். கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லாத பயல், அதற்கு மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறரை மணி. பல் துலக்கிவிட்டு அண்ணாந்து பார்த்த அப்பாசாமியின் கண்ணில் அட்டத்துப் பரண் ஓரமாக ஒரு பாட்டிலின் கழுத்து பட்டது. தேன்! பெண்பிள்ளை எதையும் உயரத்தில்தானே ஒளிப்பாள். ஏணி ஏறமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தார். முக்காலியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கயிற்றுக் கட்டிலின்மேல் முக்காலியைப் போட்டு, முக்காலிமேல் ஏறினார். கை பாட்டிலை எட்டுவதற்குள் முக்காலி ஒரு பக்கம் போயிற்று, கட்டில் ஒரு பக்கம் போயிற்று, அப்பாசாமி இரண்டுக்கும் நடுவில் கீழே வந்தார்.

வலது கால் மடங்கிக்கொண்டது. எழுந்தால் இடுப்பு விடவில்லை. புரண்டால் உயிர் போனது. வெளியே பலாமரத்தில் போன் அடித்து, அடித்து, ஓய்ந்தது. வாசலில் மூடுபனி. கூப்பிட்டுப் பார்த்தார். குரல் கூரையைக்கூடத் தாண்டவில்லை. இன்றைக்கு யாரும் வரவேண்டிய வேலை இல்லை, நாளைக்கும் இல்லை என்று கணக்குப் போட்டபோது, திண்ணனூர்ப் பெரியவர் நினைவு வந்தது. சிமெண்டுத் தரை சில்லிட்டது. பேரனை இன்னும் பார்க்கவில்லையே என்று நினைத்ததும் அப்பாசாமிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆள் இல்லாததால் துடைத்துக்கொள்ளவில்லை.

மணி ஏழானது. சங்கு ஊதியது.

முதல் கத்தலுக்கு அவர், "இரு, எனக்கே இங்க உசுரு போகுது" என்று திட்டினார். ஆடு கேட்கவில்லை. ஜென்மப்பகை தீர்ப்பதுபோல் அடித்தொண்டையில் அலறியது. கால் மணி நேரம் விடாமல் அலறியது. அப்புறம் வாசலில் காலடிச் சத்தம். "மாமா, மாமா" என்று கூப்பிட்டபடி விஜயா ஓடிவந்தாள், பின்னால் முருகானந்தம். தாழ்ப்பாள் இல்லாத கதவு தள்ளியதும் திறந்துகொண்டது.

முருகானந்தம் அவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, விஜயா பின்னால் பிடித்துக்கொள்ள, செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், பத்து நாள் கால் ஊன்றாமல் இருங்கள் என்றார்கள். திரும்பும்போது அப்பாசாமி இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டார். உங்களை மறக்கமாட்டேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். உடனே, இளங்கோவுக்கும் சின்னாத்தாளுக்கும் இது தெரியவே கூடாது, தெரிந்தால் நாமக்கல்தான் என்று கெஞ்சினார். இரண்டு பேரும் பிள்ளையார் கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார்கள். விஜயா அன்றிலிருந்து இரண்டு வேளை சோறு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுச் சோறு இத்தனை ருசியா என்று அப்பாசாமிக்கு அதிசயமாக இருந்தது. ஆட்டுக்குக் கூடுதலாக ஒரு பிடி தவிடு வைக்கச் சொன்னார். காரணம் மட்டும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மதியம் இளங்கோ அம்மாவைக் காரில் கொண்டுவந்து விட்டான். அப்பாசாமி வாசற்கதவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். நடக்கச் சொன்னால்தானே நொண்டுவது தெரியும்? இளங்கோ சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அப்புறம் அங்கே நின்ற முருகானந்தத்தைப் பார்த்து, நெஜமாவே ஒண்ணும் ஆகலீங்களா மாமா என்று கேட்டான்.

அப்பாசாமி கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். முருகானந்தம் வாயைத் திறப்பதற்குள் சின்னாத்தாள் முந்திக்கொண்டாள்.

"என்ன ஆவோணுங்கற? உங்கப்பன் எப்படி நிக்கறாரு பாரு, தூணாட்டம். நாந்தான் தெனமும் விஜயாகிட்டப் பேசிட்டிருந்தனே. போ கண்ணு, இருட்டறதுக்குள்ள மலைப்பாதை எழுபது வளைவும் எறங்கோணும்."

இளங்கோ தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு, அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனான். கார் திரும்பியதும் அப்பாசாமி நெஞ்சை நிமிர்த்தினார். பாத்தியா புள்ள, இருபத்தெட்டு நாளு, ஒத்தை ஆளு, என்று ஆரம்பித்தார். சின்னாத்தாள் பையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"கால நீட்டுங்க. வலது கால்."

அவர் நீட்டினார். வேறென்ன செய்வார். அவள் நீவிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆடு வாங்கியது எதற்கு என்று. ஒரு நாள் தீனி வைக்காமல் நின்றது, கத்தல் பள்ளம் தாண்டி விஜயாவுக்குக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் என்று. ஏழே காலுக்கும் ஆடு ஓயவில்லையென்றால் என்ன ஏதென்று பார்க்காமல் ஓடிவந்துவிட வேண்டும் என்று விஜயாவிடம் பேசிவைத்தது. வந்தவர்கள் கதவை உடைக்க வேண்டியிருக்கக் கூடாது என்று தாழ்ப்பாளைக் கழற்றியது. அவர் விழுந்த ஒரு மணி நேரத்தில் சேதி ராசிபுரத்துக்கு வந்துவிட்டதாம். பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாமல் குளியலறையில் போய் அழுதாளாம்.

"கழுத்துல மணி கட்டிக்க மாட்டேன்னீங்க. செரி, மணியைக் கொட்டகையில கட்டலாம்னு கட்டிட்டன்."

"அப்ப நீ நாமக்கல் போகோணும்னு நெனைக்கலையா?"

"அந்த ரெண்டாவது மாடியில போயி நான் என்னத்தப் பண்ணுவனுங்க? எனக்கு இந்த ஊடுதான் வேணும். அதுல நீங்க முழுசா வேணும்."

அப்பாசாமி இத்தனை நாளும் தான் ஆட்டைப் பார்த்துக்கொள்வதாக நினைத்திருந்தார். ஆடு தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பாவிமகள், எவ்வளவு யோசித்திருக்கிறாள். நீ இல்லாவிட்டால் நான் இல்லை புள்ள என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்னதில் ஒரு குறைவும் தோன்றவில்லை.

ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? முழுத் தோல்வியை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. எங்காவது ஓர் ஓட்டை இருக்குமே என்று தேடினார். கிடைத்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாஞ் செரி. இத்தனையும் யோசிச்சவ, தேனை மட்டும் எதுக்குப் புள்ள அட்டத்துல கொண்டுபோயி வெச்ச? அது கைக்கெட்டற எடத்துல இருந்திருந்தா நான் விழுந்தே இருக்க மாட்டனே?"

சின்னாத்தாள் தைல டப்பாவை மூடினாள்.

"அட்டத்துல இருக்கறது வெளக்கெண்ணெய்ங்க. தேனு, தெனமும் மூணு வேளை துண்டு போட்டீங்களே, அந்த ஆட்டு மருந்துப் பையிலதானுங்க இருக்குது."